இரண்டு தட்டு

தருமபுரத்தில் ஏறின அம்மா
மடியில் ஒரு கடித உறையை வைத்துக்கொண்டு கேட்கிறா:
"தம்பி, உங்கட பிள்ளையும் அங்கதானே படிக்குது?
எங்கட பெடியனுக்குத் திங்கட்கிழமை தொடங்குது.
நாங்கள் என்னென்ன தெரிஞ்சிருக்கோணும்?"

பரந்தனுக்கு இன்னும் கொஞ்சத் தூரம்.
பின்னுக்கு ஆறு ரிக்கற் வெட்டக் கிடக்கு.
தெரிந்ததைச் சொல்கிறேன்.
சப்பாத்து, முன்பக்கம் இரும்பு வைத்தது,
சந்தையில் வாங்காதேங்கோ, அவை சொல்லுற கடையில் வாங்குங்கோ.
ஓவரோல் இரண்டு வேணும், மாரியில் ஒன்று காயாது.
புதன் பின்னேரம் பாடமில்லை.
பெடியன் வெள்ளன வந்து நிண்டால்
களவாய் வந்ததெண்டு அடிச்சுப்போடாதேங்கோ.

நான் அடிக்கவில்லை.
படலையில் மறித்து வைத்துக் கேட்டேன்,
அயல் முழுக்கக் கேட்க.
அதை அந்த அம்மாவுக்குச் சொல்லவில்லை.

பெற்றார் கூட்டத்தில் ஒரு மிஸ் சொன்னா:
இது பள்ளிக்கூடமில்லை, ரிப்போட் வீட்டுக்கு வராது,
கொடுப்பனவு பிள்ளையின் கணக்கில் விழும்,
லீவுக் கடிதம் பிள்ளையே எழுதலாம்.
படிவத்தில் என் கையெழுத்துக்கு ஒரேயொரு இடம்.
பதினோராம் ஆண்டுவரை எத்தனை கையெழுத்து!
பல் டொக்டருக்கு, சுற்றுலாவுக்கு,
கணிதத்தில் பதினெட்டுப் புள்ளி எடுத்த தாளுக்கு
தாய் காணமுன் குசினிக்குப் பின்னால் வைத்துப் போட்டது.
"அப்ப எங்களை என்னத்துக்குக் கூப்பிட்டனீங்கள்?" என்றேன்.
மண்டபம் சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தா.
பதில் வரவில்லை.
வடையும் பிளேன்ரீயும் வந்தது.

யதுர்சிகா குளிரூட்டி திருத்தப் பழகுகிறாள்.
இருபத்தொரு பேரில் பெண்பிள்ளைகள் மூன்று.
கணக்கில் இரண்டு தரம் விழுந்தவள்
வாயுவின் அமுக்கத்தை இப்போது
சோற்றுக் கோப்பையில் விரலால் எழுதிப் பார்க்கிறாள்.
எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை.
அதைப் பற்றி அவள் ஒன்றும் சொன்னதில்லை.

முதல் கிழமை முடியச் சொன்னாள்:
"அப்பா, நான் ஏழரை பஸ்ஸில போறன்.
உங்கட பஸ் வேண்டாம்."
ஏனென்றால், ஏழரையில் இருக்க இடம் கிடைக்குமாம்.
பத்தொன்பது வருசமாய் இந்த றோட்டில் நிற்கிறேன்.
ஏழரையில் கால் வைக்கவும் இடமில்லையென்று
எனக்குத் தெரியாதோ?
சரி என்றேன்.
சரி என்றதற்காக அவளின் தாய்
மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

"வேறை என்ன தம்பி?"
"வேறை ஒண்டுமில்லை அம்மா. பரந்தன் வருது."

போன வியாழன் ஏழரை பழுது.
விசுவமடுவில் என் பஸ்ஸில் ஏறினாள்.
எல்லாருக்கும் சொல்வதுபோல் சொன்னேன்,
"முன்னுக்குப் போங்கோ, உள்ளுக்கு இடம் கிடக்கு."
போனாள்.
தருமபுரத்தில் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்து சேர,
நான் கிட்டப் போக,
நேரே என் முகத்தைப் பார்த்து
ஐந்நூறு ரூபாத் தாளை நீட்டினாள்.
"மூண்டு. கொலிஜ் வாசல்."
அவளின் கொடுப்பனவுக் காசு. மடிப்புக் கலையாத தாள்.
ஒருநாளும் மகளுக்கு ரிக்கற் வெட்டினதில்லை.
வெட்டினேன்.
மிச்சக்காசை எண்ணிக் கொடுத்தேன்.
ஒரு குற்றி கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.
அவளும் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாள்.

கரடிப்போக்குச் சந்தி தாண்டி
வாசலில் மூவரும் இறங்கினார்கள்.
அவளின் இடது சப்பாத்து நாடா
அவிழ்ந்து புழுதியில் இழுபட்டது.
சொல்லவோ, விடவோ,
மிதிபலகையில் ஒரு காலும் றோட்டில் ஒரு காலுமாய்
நான் நிற்க,
திரும்பி வந்து
பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால்
இரண்டு தட்டுத் தட்டினாள்.

என் தட்டென்று நினைத்த ஞானம் அண்ணை
கண்ணாடியைப் பாராமலே
கியரைப் போட்டு எடுத்தார்.
நான் ஓடி ஏற வேண்டியிருந்தது.